முங்காத தோணி

எங்கள் ஊரில் எது தோற்றாலும் தோணிதான் முங்கும். பரீட்சையில் கோட்டை விட்டவன், பெண் பார்க்கப் போய் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பியவன், லோன் கிடைக்காமல் பேங்க் படியிறங்கியவன், எல்லாரும் சொல்வது ஒன்றுதான். “தோணி முங்கிட்டுலே!” தூத்துக்குடிக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரத்தில் கட்டிய பெரிய சரக்குத் தோணிகள் பழைய துறைமுகத்திலிருந்து வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போவதும் வருவதுமாக இருக்கிற ஊர் இது. மற்ற ஊர்க்காரன் ஊத்திக்கிச்சு என்பான், நாங்கள் முங்கிட்டு என்போம். அவ்வளவுதான் வித்தியாசம். நான் அப்படியொரு தோணியில் எஞ்சின் டிரைவர். நிஜமாகவே முங்கினால் கூடவே முங்கப் போகிறவன். இருந்தும் அந்த வார்த்தையை வாய் கூசாமல் சொல்லித் திரிந்தவன்தான். இப்போது சொல்வதில்லை.

என் மனைவி இப்போது கடையில் வாய் திறப்பதே இல்லை. தெருமுனைப் பலசரக்குக் கடையில் போய் நின்று பருப்பு மூட்டையைக் கையால் காட்டுவாள். அரைக் கிலோ என்றால் உள்ளங்கையில் விரலால் ஒரு வெட்டு. “என்ன தாயி, தொண்ட கட்டியிருக்கா?” என்று கடை அண்ணாச்சி முதலில் கேட்டார். பிறகு அவருக்கும் விஷயம் தெரிந்துபோய்க் கேட்பதை விட்டுவிட்டார். அவள் ஒரு வார்த்தை பேசினால் போதும், பக்கத்தில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். உதட்டோரம் ஒரு சிரிப்பு ஓடும். கை தானாகப் பைக்குள் போனைத் தேடும். ஊருக்கே அவள் குரல் தெரியும். ஊருக்கு என்ன, உலகத்துக்கே தெரியும்.

அவள் எங்கள் மாதா கோவிலில் பாட்டுக்காரி. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பதிலுரைப் பாடலைத் தனியாக நின்று பாடுகிறவள். வரிக் கடைசியில் குரலை இழுத்து, ஒரு சின்ன வளைவு கொடுத்து இறக்குவாள். கல்யாணத்துக்கு முன்பு அவளை நான் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதுதான் அதிகம். தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்பேன். சாமி கும்பிடவா வந்தாய் என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது.

எல்லாம் ஒரு சண்டையில் ஆரம்பித்தது. சண்டையும் என் போனால் வந்ததுதான்.

கடலுக்குப் போனால் எங்களுக்கு டவர் கிடையாது. கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் போன் செத்துவிடும். அந்தப் பசிக்கோ என்னவோ, கரையேறியதும் நான் போனும் கையுமாகத்தான் கிடப்பேன். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் போன், கட்டிலில் போன், கக்கூஸில் போன். கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே இருப்பேன். கல்யாண மேடையில் வழுக்கி விழுகிற மாப்பிள்ளை, போதையில் போலீஸ்காரரைக் கட்டிப்பிடிக்கிற ஆள், சாவு வீட்டில் அழுதுகொண்டிருக்கும்போதே பக்கத்துப் பெண்ணோடு சண்டைக்குப் போகிற அம்மா. ஐயோ, அந்த அம்மாவின் வீடியோவைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு! எங்கள் தோணிக்காரர்கள் குரூப்பில் அதைப் போட்டவனே நான்தான். அவர் யார், எந்த ஊர், செத்தது யார், எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தோன்றவும் இல்லை.

அந்தத் தடவை புறப்படுகிற அன்று காலையில் அவள் வீட்டு விஷயம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். வேம்பாரில் இருக்கிற தன் அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, நல்ல டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று. நான் “ம்” என்றேன். திரும்பச் சொன்னாள். திரும்பவும் “ம்” என்றேன். கையில் இருந்த கரண்டியைத் தரையில் விட்டெறிந்தாள்.

“ஒங்களுக்கு வீடு எதுக்கு, பொண்டாட்டி எதுக்கு? கடல்லயே கெடங்க! வீட்டுப் பக்கமே வராதிய! அங்கனயாவது டவர் இருக்காது.”

“போளா, சும்மா கத்தாத” என்று நானும் ஒரு சத்தம் போட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். வாசலில் நின்று கையசைப்பாள், அன்றைக்கு அசைக்கவில்லை. நானும் திரும்பிப் பார்க்கவில்லை. புருஷன் பெண்டாட்டி சண்டை, நாலு நாளில் சரியாகும் என்று நினைத்தேன். எந்த வீட்டில் இல்லாத சண்டை?

நாங்கள் ஒன்பது பேர். தோணியை நடத்துகிற தண்டல், சமைக்கிற பண்டாரி, நான், மற்ற வேலையாட்கள். வெங்காயம் ஏற்றிக்கொண்டு மாலேக்குப் போனோம். வழியில் காற்று கொஞ்சம் மூர்க்கமாகத்தான் அடித்தது. அதைவிட மோசமான காற்றையெல்லாம் பார்த்திருக்கிறோம். தண்டல் பாயைச் சுருக்கச் சொன்னார், நான் எஞ்சினைப் பார்த்துக்கொண்டேன், தோணி ஆடி ஆடிப் போய்ச் சேர்ந்தது. நடந்தது அவ்வளவுதான்.

ஊரில் நடந்ததை எல்லாம் நான் பிறகு ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கடற்கரை மைதானத்தில் ஒரு கிரிக்கெட் மேட்ச். ஒரு கம்பெனி ஆபீஸில் கணக்கெழுதுகிறவர், குழந்தை குட்டிக்காரர், தன் அணி தோற்றுக்கொண்டிருக்கிற வயிற்றெரிச்சலில் நண்பருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். “நம்ம தோணி முங்கிட்டுலே. ஒம்பது பேரும் போயிட்டானுவ. இனி ஆரும் ஒண்ணும் செய்ய முடியாது.” ஒன்பது விக்கெட். வேடிக்கைக்காகக் குரலை அழுவது போல வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். மைதானத்துக் காற்று போனில் மோதி உஸ்ஸென்று கடல் மாதிரியே கேட்கிறது. நானும் கேட்டேன். விஷயம் தெரியாமல் கேட்டால் நானே நம்பியிருப்பேன்.

நண்பர் அதை இன்னொருவருக்கு அனுப்பினார். அவர் ஒரு தெரு குரூப்பில் போட்டு, ‘நம்ம ஊர்த் தோணியா?’ என்று கேட்டார். அடுத்தவர் அந்தக் கேள்விக்குறியை எடுத்துவிட்டார். அதற்கடுத்தவர் எந்தக் கடலிலோ என்றைக்கோ கவிழ்ந்து கிடந்த ஒரு கப்பலின் படத்தைச் சேர்த்தார். அந்தச் சமயத்தில் கடலில் இருந்த தோணிகளில் ஒன்பது பேரோடு போனது எது என்று ஒரு புத்திசாலி கண்டுபிடித்து எழுதினார். பொழுது சாய்வதற்குள் நாங்கள் ஒன்பது பேரும் செத்துப்போய்விட்டோம். இவர்களில் ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. எல்லாரும் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று போட்டு, அழுகிற பொம்மையும் கும்பிடுகிற கையும் வைத்தவர்கள்.

எங்கள் தெருவில் ஒருவர் செத்தால் கோவிலில் துக்க மணி அடிப்பார்கள். அந்த மணியை யார் வேண்டுமானாலும் போய் அடித்துவிட முடியாது. செத்தவர் வீட்டிலிருந்து ஆள் போய்ச் சொல்ல வேண்டும். பங்குச் சாமியார் கேட்டு, சரி என்ற பிறகுதான் கோவில் வேலை பார்க்கிற உபதேசியார் கயிற்றைத் தொடுவார். அன்றைக்குச் சில பேர் உபதேசியாரிடம் ஓடியிருக்கிறார்கள். அவர் சாமியாரிடம் போயிருக்கிறார். சாமியார், “ஒங்களுக்கு ஆரு சொன்னா?” என்று கேட்டிருக்கிறார். “வாட்ஸப்புல வந்திருக்கு சாமி.” “வாட்ஸப்புக்கு ஆரு சொன்னா?” வந்தவர்கள் மறுபடி போனைப் புரட்டியிருக்கிறார்கள். “அப்பம் மணி அடிக்காண்டாம். துறைமுகத்துல கேட்டுட்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார். அன்றைக்கு ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்டது அவர் ஒருவர்தான்.

மணி அடிக்கவில்லை. ஆனால் அதற்குள் என் வீட்டு முற்றம் நிறைந்துவிட்டது. பெண்கள் வந்து அவளைக் கட்டிப் பிடித்து அழுதார்கள். அவள் முதலில் நம்பவில்லையாம். எனக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறாள். கடலில் இருக்கிறவனுக்கு எப்படி மணியடிக்கும்? பிறகு யாரோ அந்த வாய்ஸ் மெசேஜை அவள் காதில் வைத்திருக்கிறார்கள். அப்போதுதான் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறாள். அந்த நேரம் பார்த்து, யூடியூபில் உள்ளூர்ச் செய்தி சேனல் நடத்துகிற ஒருவன் பஞ்சு வைத்த மைக்கைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்து, அவள் வாய்க்கு நேரே நீட்டியிருக்கிறான். “கடைசியா ஒங்க வீட்டுக்காரர் என்ன சொல்லிட்டுப் போனாரு?”

அவள் மைக்கைப் பார்க்கவில்லை. நான் எதிரே நிற்பது போல என்னிடம் சொல்லித்தான் அழுதாள். “கடல்லயே கெடங்கன்னு சொல்லிட்டேனே ராசா! வீட்டுப் பக்கமே வராதியன்னு சொல்லிட்டேனே ராசா!”

ராசா. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. செத்த பிறகுதான் கூப்பிட்டாள். அதையும் நான் போனில்தான் கேட்டேன்.

நாங்கள் மாலே போய்ச் சேர்ந்ததும் ஏஜென்ட் ஓடிவந்து தண்டலிடம் விஷயத்தைச் சொன்னார். ஒன்பது பேரும் ஏஜென்ட் போனிலிருந்து வீட்டுக்குப் பேசினோம். “வந்துட்டியளா?” என்று என் மனைவி கேட்டாள். வேறு எதுவும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டாள். நாங்களோ செத்துப் பிழைத்தவர்கள் என்று ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டோம். “ஏலே, எனக்கு எத்தன பேரு இரங்கல் போட்டிருக்கானுவ பாரு!” என்று தண்டலே சிரித்தார். வீடியோ எடுத்ததைப் பற்றி வீட்டில் யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

சரக்கு இறங்க நாளாயிற்று. கடைசியில் ஒரு மத்தியானம், துறைமுகத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். பண்டாரி அந்த ஊர் சிம் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். போட்டதும் ரீல்ஸைத்தான் திறந்தார். டொக்கு டொக்கென்று ஒரு அடி, அதன் மேல் வேகமாக ஓட்டிய ஒரு பெண் குரல். “கடல்லயே கெடங்க, கடல்லயே கெடங்க, ராசா ராசா ராசா.” எந்த ஊரிலோ இரண்டு காலேஜ் பையன்கள் ஒருவனை லாரி டயருக்குள் தள்ளிவிட்டு அதற்கு ஆடுகிறார்கள். அடுத்ததில் ஒரு புருஷன் பெண்டாட்டி சமையலறையில் ஆடுகிறார்கள். அவள் பூரிக்கட்டையால் தள்ள அவன் கட்டிலில் போய் விழுகிறான். டீக்கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்குப் புரையேறிவிட்டது.

“இன்னொரு தடவ போடுங்க” என்றேன்.

போட்டார். இரண்டாவது தடவையில் அந்த ‘ராசா’வின் கடைசி என் காதில் மாட்டியது. எவ்வளவு வேகமாக ஓட்டியிருந்தாலும் அந்த வளைவு இருந்தது. தூணுக்குப் பின்னால் நின்று கேட்ட அதே வளைவு. டீ கிளாஸ் கையில் இருந்தபடியே இருந்தது. மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தண்டல் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பண்டாரியின் கையிலிருந்து போனைப் பிடுங்கிக் கவிழ்த்து வைத்தார். நான் எழுந்து போய்த் தோணியின் அடித்தளத்தில் எஞ்சினுக்குப் பக்கத்தில் கட்டை மாதிரிப் படுத்துக்கிடந்தேன். சீ, நானும் ஒரு மனுஷனா என்றிருந்தது. புருஷன் செத்துப்போனான் என்று பெண்டாட்டி அழுகிறாள், அந்தப் புருஷன் அதைக் கேட்டுப் புரையேறச் சிரிக்கிறான், பத்தாததற்கு இன்னொரு தடவை போடச் சொல்கிறான்.

ஊருக்கு வந்தபோது அவள் பாட்டை விட்டிருந்தாள். கோவிலில் கடைசிப் பெஞ்சில், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லாரும் சேர்ந்து பாடுகிற பாட்டுக்கும் உதடு அசையவில்லை. ஒன்பதாவது படிக்கிற எங்கள் மகளின் பள்ளிக்கூட வேனில் பிள்ளைகள் அந்த ‘ராசா ராசா’வைப் பாடுகிறார்களாம். மகள் சைக்கிளில் போக ஆரம்பித்திருந்தாள். முதல் நாள் சாப்பிடும்போது என் மனைவி என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அங்கன இருக்கும்போது நீங்க அதக் கேட்டியளா?”

“இல்ல” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுக் குழம்பை ஊற்றினாள்.

பிறகு நான் அலைந்த அலைச்சலைச் சொன்னால் சிரிப்பாக இருக்கும். முதலில் அந்த மைக்குக்காரனைத் தேடிப் போனேன். நாலு அறை விட்டு வருவதாகத்தான் போனேன். அவன் எழுந்து நின்று, “வாங்க அண்ணாச்சி, உக்காருங்க, டீ சாப்பிடுதியளா?” என்றான். வீடியோவை அப்போதே தூக்கிவிட்டேன் என்றான். உண்மைதான், தூக்கியிருந்தான். “ஆனா அண்ணாச்சி, அது எங்கிட்டயா இருக்கு? ஆடியோவ எவன் எவனோ எடுத்து வச்சிருக்கான். நான் என்ன செய்ய?” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஒரு பேட்டி குடுங்களேன். செத்துப்போன புருஷன் உயிரோட வந்தாருன்னு போடுவோம். அக்காவும் பக்கத்துல நிக்கட்டும். எல்லாம் சரியாயிரும்” என்றான். நான் கையை ஓங்கிவிட்டேன். அவனோடு இருந்தவன் அதற்குள் போனைத் தூக்கிப் பிடித்துவிட்டான். நான் ஓங்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு வெளியே வந்தேன். அந்த அவமானத்தை எங்கே போய்ச் சொல்ல?

கிரிக்கெட்காரர் மனைவியோடு எங்கள் வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். “நான் தோணின்னு சொன்னது மேட்சுக்குங்க. பிள்ளைகள் மேல சத்தியம்.” அவரை என்ன திட்ட? அந்த வார்த்தையை நானும் அப்படித்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்? என் மனைவி உள்ளேயிருந்து வெளியே வரவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை மகளிடம் கொடுத்தனுப்பினாள்.

போலீஸில் சைபர் கிரைம் பார்க்கிற அம்மா நல்ல மாதிரியானவர். முழுக் கதையையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்தார். “நான் இதுல என்னன்னு எழுதட்டும் அண்ணே? ஆபாசமா எதுவும் இல்ல. யாரும் மிரட்டல. பணமும் போகல. அந்தத் தப்பான செய்தியப் போட்டதுக்கு எழுதலாம், ஆனா அழுகைய வச்சு ஆடுனதுக்கு என்ன எழுத?” எதுவோ எழுதிக்கொண்டார். அந்த ரீல்ஸ் கம்பெனிக்கு நானும் புகார் அனுப்பினேன். என்ன குற்றம் என்று தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. வன்முறை, ஆபாசம், மோசடி, திருட்டுப் பாட்டு. ‘என் பெண்டாட்டியின் அழுகை’ என்று ஒன்று அதில் இல்லை. இருப்பதில் எதையோ அமுக்கினேன். உடனே பதில் வந்தது. எங்கள் விதிகளை இது மீறவில்லை, உங்களுக்கு இதைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் மறைத்துக்கொள்ளலாம் என்று நல்ல தமிழில் எழுதியிருந்தது. அந்தப் பக்கம் ஒரு ஆள் இருந்தால் அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்திருப்பேன். ஆள் இருந்த மாதிரியே தெரியவில்லை.

நான் படித்தது ஐ.டி.ஐ. சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் தோணி ஒரு மூட்டை வெங்காயத்தைக் கரையிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் எத்தனை கையெழுத்து வேண்டும் என்று எனக்குத் தெரியும். யார் அனுப்புகிறார், யாருக்குப் போகிறது, உள்ளே என்ன இருக்கிறது, தோணி தாங்குமா, எல்லாவற்றுக்கும் ஒருவர் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் துறைமுகத்தைத் தாண்ட விடமாட்டார்கள். அதையெல்லாம் நாங்கள் திட்டிக்கொண்டேதான் செய்கிறோம். அழுகின வெங்காயத்துக்கே இத்தனை கேள்வி. ஒன்பது பேர் செத்தார்கள் என்கிற செய்தி மட்டும் யாருடைய கையெழுத்தும் இல்லாமல் ஊர் தாண்டி, கடல் தாண்டி, எனக்கு முன்னால் மாலேக்குப் போய் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சரக்கை ஏற்றி இறக்கிக் காசு பார்க்கிற கம்பெனிக்காரனிடம் கேட்டால் என்னிடம் எதுவும் இல்லை, நான் வெறும் துறைமுகம் என்கிறான். துறைமுகத்துக்குச் சட்டம் இல்லையா, என்ன?

அதற்காக வாயைப் பொத்துகிற சட்டம் எனக்கு வேண்டாம். கலவரம் என்றால் இன்டர்நெட்டையே நிறுத்திவிடுகிற வழக்கத்தை நாங்களும் பார்த்திருக்கிறோம், அப்போது நல்ல செய்தியும் சேர்ந்துதான் செத்தது. நான் கேட்பது சாமியார் கேட்ட கேள்வியைத்தான். மணிக்கயிற்றைத் தொடுவதற்கு முன்னால் ஒருவர் கேட்க வேண்டும், ‘உனக்கு யார் சொன்னது’ என்று. அடித்தது தப்பு என்று தெரிந்தால் ஓடிவந்து நிறுத்த ஒரு ஆள் வேண்டும். அவர் வீட்டு வாசல் எது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். இவ்வளவு பேசுகிற நானே அந்தச் சாவு வீட்டு அம்மாவின் வீடியோவை அனுப்பியபோது யாரிடம் கேட்டேன்? அதை இப்போது போய் அழிக்கலாம் என்று தேடினேன். எங்கள் குரூப்பில் அழித்தேன். அதிலிருந்து யார் யாருக்குப் போனதோ.

தவக்காலத்தில் என் மாமனார் போய்ச் சேர்ந்தார். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அவள் சொன்னதும் நான் ‘ம்’ என்றதும் அவர் விஷயத்துக்குத்தான். பிறகு காட்டினோம், மருந்தும் வாங்கினோம், ஆனாலும் போய்விட்டார். வேம்பாருக்குப் போனோம். அவள்தான் மூத்த மகள். அந்த ஊரில் அவள் குரலைப் பற்றிப் பெருமை பேசாத ஆள் கிடையாது. அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். சுற்றியிருந்த பெண்கள் அவள் ஆரம்பிப்பாள் என்று பார்த்தார்கள்.

துபாயில் வேலை பார்க்கிற என் மைத்துனரால் வர முடியவில்லை. அப்பாவின் முகத்தையாவது பார்க்கட்டும் என்று சொந்தக்காரர் ஒருவர் வீடியோ கால் போட்டுப் போனை உயர்த்திப் பிடித்தார். அது தப்பே இல்லை, அந்த மனிதருக்கு வேறு என்ன வழி? ஆனால் என் மனைவி நிமிர்ந்து பார்த்தது போனை மட்டும்தான். சேலை முந்தானையைச் சுருட்டினாள். வாய்க்குள் திணித்துக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின, சத்தம் வரவில்லை. பெட்டியை மூடும்போதும் வரவில்லை. கல்லறையில் ஒரு கை மண் போடும்போதும் வரவில்லை.

“பெத்த அப்பனுக்கு ஒரு சத்தம் போட்டு அழுதாளா பாத்தியா? கல்லு நெஞ்சு” என்று அவளுடைய அத்தை எனக்குக் கேட்கும்படியே சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் கல்லு நெஞ்சுக்காரி இல்லை, அவள் வாயை நாங்கள் எல்லாரும் சேர்ந்து அடைத்திருக்கிறோம் என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தெம்பில்லை.

மறுநாள் மத்தியானம் மகளைப் பஸ் ஏற்றிவிட்டு, நாங்கள் இருவரும் பைக்கில் கடற்கரை ரோட்டில் கிளம்பினோம். இரண்டு பக்கமும் உப்பளம். வெயிலுக்குப் பயந்து வேலையாட்கள் கரையேறியிருந்தார்கள், கண்ணுக்கெட்டிய தூரம் ஒருத்தரும் இல்லை. பின்னாலிருந்து என் தோளைத் தட்டினாள். நிறுத்தினேன். இறங்கினாள். நான்கு பக்கமும் பார்த்தாள்.

“போன எடுங்க” என்றாள்.

சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். யாருக்காவது பேசப் போகிறாளாக்கும் என்று நீட்டினேன். வாங்கவில்லை.

“பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டுங்க.”

பைக்கின் பக்கப் பெட்டியைத் திறந்து, உள்ளே வைத்துப் பூட்டினேன். சாவியைக் கேட்டு வாங்கிக் கையில் பொத்திக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், உப்புக் குவியலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“இன்னொரு தடவ போடச் சொன்னியளாமே. நீங்க ஊருக்கு வாறதுக்கு முந்தியே பண்டாரி வீட்டுக்காரி சொல்லிட்டா.”

“ஏளா” என்று மட்டும் வந்தது. மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள், கடையில் காட்டுகிற மாதிரியே.

“அதெல்லாம் இப்பம் வேண்டாம். வண்டிய ஸ்டார்ட் பண்ணி நல்லா முறுக்குங்க. நான் எங்கப்பாவுக்கு அழணும்.”

என் பைக் பழசு, சைலன்சரில் ஓட்டை விழுந்தது. உதைத்துக் கிளப்பி, கைப்பிடியை முடிந்தமட்டும் முறுக்கினேன். அந்தச் சத்தத்துக்குள் அவள் அழுதாள். எனக்குக்கூட ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவள் போதும் என்று தலையாட்டும்வரை நான் கையை எடுக்கவில்லை.